புயல் நாளில் கைகொடுக்கும் கூட்டு வயர்லெஸ்: ‘டோன் பேனல்’ வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கடலூர் மாவட்டத்தில் ‘தானே’ என்று சொன்னாலே போதும், முகம் மாறாத விவசாயி இருக்க மாட்டார். 2011 டிசம்பர் 30 அதிகாலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது அந்தப் புயல். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை எல்லோரும் இன்றும் பேசுகிறோம். ஆனால், மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. செல்போன்களும் செயலிழந்தன. பக்கத்து ஊரில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

அதன் பிறகும் இயற்கை நம்மைச் சும்மா விடவில்லை. 2015 நவம்பரில் பண்ருட்டி பகுதியில் விசூர், பெரியகாட்டுப்பாளையம் கிராமங்களைக் காட்டாற்று வெள்ளம் சூறையாடியது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் கொள்ளிடம் பெருக்கெடுத்து, சிதம்பரம் பகுதியின் கீழகுண்டலபாடி, திட்டுக்காட்டூர், அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் போன்ற ஊர்களைச் சூழ்ந்தது. 2020 டிசம்பரில் ‘புரெவி’ மழை சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீரைத் தேக்கியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ‘ஃபெஞ்சல்’ புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோரம் கடலூர் வரை வெள்ளக்காடானது.

இந்த அனுபவங்களுக்குப் பிறகு, உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் பாசன சங்கத்தினரும் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். “செல்போன் கைவிட்டால் பேசிக்கொள்ள வாக்கி-டாக்கி வாங்கலாமா? ஆளுக்கொரு கோபுரம் வைக்கப் பணமில்லை. நான்கைந்து குழுக்கள் சேர்ந்து ஒரே ரிப்பீட்டரைப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். அதற்கு ‘டோன் பேனல்’ வேண்டும் என்கிறார் கடைக்காரர். எதைப் பார்த்து வாங்குவது?”

நான் உழவியல் படித்தவன். மின்னணுப் பொறியாளர் அல்ல. ஆனாலும், வெள்ளத்தில் மூழ்கிய வயல்களோடு பழகியதில், இந்தக் கருவியைப் பற்றிக் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்தது. கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பயிருக்கும் வயர்லெஸுக்கும் என்ன தொடர்பு?

சம்பா இளம்பயிர் முழுவதுமாக நீரில் மூழ்கினால், பெரும்பாலான ரகங்கள் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. நீரில் மூழ்குவதைத் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகங்கள்கூட இரண்டு வாரம் வரைதான் தாக்குப்பிடிக்கும். ஆகவே, எத்தனை நாளில் வடிக்கிறோம் என்பதைப் பொறுத்தே மகசூல்.

வடிப்பது ஒரு ஊர் வேலை அல்ல. மேல்மடைக்காரர் தன் வயலைக் காப்பாற்ற வடிகாலைத் திறந்தால், அந்தத் தண்ணீர் கடைமடைக்காரர் தலையில் இறங்கும். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் முகத்துவாரப் பக்கம் தண்ணீர் வடியாது, இறக்கத்தின்போதுதான் வடியும். கடைமடை முதலில் வடிந்து இடம் கொடுத்த பிறகு, மேலே உள்ளவர்கள் படிப்படியாகத் திறந்தால் எல்லோருக்கும் நல்லது. இதற்கு ஊருக்கு ஊர், மணிக்கு மணி பேச்சு வேண்டும்.

வீராணம் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம் 47.50 அடி. மழைக்காலத்தில் அது நிரம்பி உபரி நீர் வெளியேறும்போது கீழே உள்ள கிராமங்களுக்கு அந்தச் செய்தி எத்தனை மணி நேரம் முன்னால் போகிறது என்பதில்தான் மாடு கன்று, விதைநெல், மோட்டார் எல்லாம் தப்புவது இருக்கிறது. கைபேசிக்கு வரும் அரசு எச்சரிக்கைகள் மிகவும் பயனுள்ளவை. ஆனால், அவை ஒருவழிச் செய்தி. நாம் திருப்பிக் கேட்க முடியாது. செல்போன் கோபுரம் விழுந்துவிட்டால் அதுவும் இல்லை.

ரிப்பீட்டர் ஏன் தேவை?

கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கியின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. கணக்கு எளிது: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அலை எட்டும் அடிவானத் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் வாய்க்கு அருகே பிடித்த கருவிக்கு இது சுமார் 5 கி.மீ. எதிரில் உள்ளவருக்கும் 5 கி.மீ. என்றால் மொத்தம் 10. சவுக்குத் தோப்பும் தென்னையும் வீடுகளும் குறுக்கே நிற்பதால், நடைமுறையில் இதில் பாதிகூடக் கிடைக்காது.

அதே நேரம், 30 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் அதன் அடிவானம் 22 கி.மீ.க்கு மேல். கையில் உள்ள கருவியின் 5 கி.மீ.யையும் சேர்த்தால் 27 கி.மீ. வரை கணக்கு வரும். ரிப்பீட்டர் என்பது இந்த உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு அலைவரிசையில் கேட்பதை உடனே இன்னொரு அலைவரிசையில் சத்தமாகத் திருப்பிச் சொல்லும் கருவி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கி.மீ. இரண்டுக்கும் நடுவே, புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை பக்கம் நல்ல உயரத்தில் ஒன்று அமைந்தால் இரு முனைகளையும் தொட்டுவிட வாய்ப்பு உண்டு. கடலூர் பக்கத்துக்கு மட்டும் என்றால் கேப்பர் மலையின் மேட்டு நிலம் இயற்கையாகவே உயரம் தருகிறது.

டோன் பேனல் என்பது மடை மாதிரி

ஒரே வாய்க்காலில் ஐந்து ஊருக்குப் பாசனம் என்றால் என்ன செய்கிறோம்? ஊருக்கு ஒரு மடை வைத்து, முறை போட்டுப் பாய்ச்சுகிறோம். ரிப்பீட்டர் அந்த வாய்க்கால். டோன் பேனல், மடையைத் திறந்து மூடுபவர்.

ஒவ்வொரு குழுவின் கருவியிலும் காதுக்குக் கேட்காத மெல்லிய அடிநாதம் ஒன்றைப் பதிவு செய்து வைப்பார்கள். பேசும் பொத்தானை அழுத்தியதும் குரலோடு சேர்ந்து அந்த நாதமும் போகும். இதற்கு ‘டோன்’ என்று பெயர், தொழில்நுட்பத்தில் சி.டி.சி.எஸ்.எஸ். என்பார்கள். 67 ஹெர்ட்ஸ் முதல் 250.3 ஹெர்ட்ஸ் வரை 38 டோன்கள் வழக்கத்தில் உள்ளன. ரிப்பீட்டரோடு இணைத்த பேனல், வரும் டோன் தன் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் வழிவிடும், திருப்பி அனுப்பும்போது அதே டோனைப் புதிதாகச் சேர்த்து அனுப்பும். அந்த டோனுக்குக் காது வைத்திருக்கும் கருவிகள் மட்டும் வாய் திறக்கும். மற்றவர்கள் கருவி மௌனமாக இருக்கும்.

இதனால், அறுவடை இயந்திர ஓட்டுநர்கள் நாளெல்லாம் பேசும் பேச்சு, பாசனக் குழுவின் காதைத் துளைக்காது. யாரோ தெரியாதவர் அதே அலைவரிசையில் நுழைந்தாலும் ரிப்பீட்டர் திறக்காது.

இரண்டு விஷயங்களைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ஒன்று, டோன் என்பது ரகசியப் பூட்டு அல்ல. டோன் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டுக் கேட்பவருக்கு எல்லாம் கேட்கும். வங்கிக் கணக்கு எண், நகை இருக்கும் இடம் பற்றியெல்லாம் இதில் பேச வேண்டாம். இரண்டு, டோன் எத்தனை வைத்தாலும் வாய்க்கால் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்.

மௌனமாக எரிந்த விளக்கு

சில ஆண்டுகளுக்கு முன் கொள்ளிடக் கரையோர ஊர் ஒன்றில், இப்படிப்பட்ட கூட்டு வயர்லெஸ் ஏற்பாட்டைப் பார்க்கப் போயிருந்தேன். மழை நாள். ஒரு திண்ணையில் டிராக்டர் குழுவின் வாக்கி-டாக்கி இருந்தது. அதன் உச்சியில் இருந்த சிறு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. “யாரோ பேசுகிறார்கள், நம் குழு இல்லை” என்றார் அருகில் இருந்த பெரியவர்.

பிறகுதான் தெரிந்தது, அந்த நேரத்தில் பாசனக் குழுவினர் வாய்க்கால் கரை ஒன்று அரிக்கிறது, மணல் மூட்டை ஏற்றி வர டிராக்டர் வேண்டும் என்று கூவிக்கொண்டிருந்தார்கள் என்று. டிராக்டர் அந்தத் திண்ணைக்கு எதிரிலேயே நின்றது. கருவிக்குச் செய்தி வந்து சேர்ந்தது. டோன் வேறு என்பதால் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருவர் சைக்கிளில் வந்து சொன்ன பிறகே வண்டி கிளம்பியது. நல்லவேளையாக உடைப்பு பெரிதாகவில்லை. சில ஏக்கர் நாற்றோடு போயிற்று.

பேனல் அன்று சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்தது. குழுக்களை நன்றாகப் பிரித்தது. ஆபத்தில் சேர்க்க அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதுதான். டோன் பேனலை, அது எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று பார்த்து மட்டும் வாங்காதீர்கள். அவசரத்தில் எல்லோரையும் எப்படிச் சேர்க்கிறது என்று முதலில் பாருங்கள். பாசன காலத்தில் முறை போட்ட மடைகளை, வெள்ள காலத்தில் ஒருசேரத் திறக்கத் தெரிய வேண்டும் அல்லவா?

நம் கரையோரம் கற்றுத்தந்த பாடம்

இதற்கு முன்னுதாரணம் நம் பக்கத்திலேயே உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, தொலைபேசி வசதி சரியில்லாத ஊர்களை வில்லியனூர் மையத்தோடு வி.எச்.எப். வயர்லெஸ் மூலமே இணைத்தது. மீனவக் கிராமங்களில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று, கடலூருக்கு வடக்கே உள்ள நல்லவாடு மீனவக் கிராமத்துக்குச் சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சுனாமி ஆபத்தைச் சொன்னார். ஊர் மக்கள் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். அந்தச் செய்தி ஒரு வீட்டோடு நின்றிருந்தால்? ஒருவருக்குத் தெரிந்தது ஒரே நேரத்தில் எல்லோர் காதிலும் விழுந்ததுதான் உயிர்களைக் காத்தது.

கடலில் செல்லும் படகுகளும் கப்பல்களும் உலகெங்கும் கடல்சார் வி.எச்.எப்.பில் 16-ம் சேனலை (156.8 மெகாஹெர்ட்ஸ்) ஆபத்து அழைப்புக்கென்று ஒதுக்கி, எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். சொந்தப் பேச்சுக்கு வேறு சேனல். ஆபத்துக்கு எல்லோரும் கேட்கும் ஒரே சேனல். நிலத்திலும் நமக்கு இந்த ஒழுங்கு வேண்டும்.

பேனல் தேர்வில் கவனிக்க வேண்டிய 8 அம்சங்கள்

செட்ரான், கனெக்ட் சிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் பல குழுக்களுக்கான டோன் பேனல்களைத் தயாரித்துள்ளன. பழைய கருவிகளும் சந்தையில் கைமாறுகின்றன. எந்தப் பெயராக இருந்தாலும் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

1. தனி பேனல் உண்மையில் தேவையா? புதிய ரிப்பீட்டர்கள் பலவற்றில் உள்ளேயே பல டோன் வசதி உண்டு. டிஜிட்டல் ரிப்பீட்டர் என்றால் குழுக்களைப் பிரிக்க வேறு முறை உள்ளது. டோன் பேனலே வேண்டியதில்லை. கையிலுள்ள அனலாக் ரிப்பீட்டரைப் பகிர வேண்டும் என்றால் மட்டுமே தனி பேனல் வாங்குங்கள்.

2. பொது டோன் வசதி: குழுக்களின் டோன்களோடு, எவராலும் அணைக்க முடியாத ஒரு பொது அவசர டோனுக்கு இடம் இருக்க வேண்டும். ஒரு டோனில் வரும் அழைப்பை வேறு டோனில் மாற்றி அனுப்பும் வசதியும் சில பேனல்களில் உண்டு. இருக்கிறது என்று சொன்னால் போதாது. உங்கள் முன் செய்து காட்டச் சொல்லுங்கள்.

3. மாற்றுவழிச் சுவிட்ச்: பேனல் பழுதானால் ரிப்பீட்டரும் ஊமையாகிவிடக் கூடாது. பேனலைத் தாண்டி, டோன் இல்லாமலே ரிப்பீட்டர் இயங்க ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். கோபுரத்தடியில் இருப்பவர் எவரும் அதைத் தட்டிவிடத் தெரிந்திருக்க வேண்டும்.

4. நேரடி 12 வோல்ட் இயக்கம்: ரிப்பீட்டர் பேட்டரியில் ஓடும், பேனல் மட்டும் சுவர் பிளக்கில் செருகும் அடாப்டரில் ஓடும் என்றால், கரன்ட் போன நிமிடமே எல்லாம் போச்சு. பேனலும் அதே பேட்டரியிலிருந்து இயங்க வேண்டும்.

5. நினைவு அழியாமை: மின்சாரம் முழுவதும் போய்த் திரும்பினால், பதிவு செய்த டோன்கள் அப்படியே இருக்க வேண்டும். யாரும் பொத்தான் அழுத்தாமலே தானாக இயங்கத் தொடங்க வேண்டும். புயல் இரவில் கோபுரத்துக்கு யார் போவது?

6. நேர வரம்பு: ஒருவர் தொடர்ந்து பேசினால், அல்லது பேசும் பொத்தான் சிக்கிக்கொண்டால், குறிப்பிட்ட நேரத்தில் பேனலே துண்டிக்க வேண்டும். ஒரு நிமிடம் வைப்பது நல்லது. ஒருவர் பேசும்போது இன்னொருவரின் ஆபத்து அழைப்பு நுழைய முடியாது என்பதால், இந்த வரம்பு உயிர் காக்கும் அம்சம்.

7. சரியான இணைப்பு: சாதாரண ஸ்பீக்கர் இணைப்பில் குரல் மட்டுமே வரும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள டோனை ரிசீவரே வடிகட்டிவிடும். எனவே, வடிகட்டுவதற்கு முந்தைய இடத்திலிருந்து பேனலுக்கு இணைப்பு எடுக்க உங்கள் ரிப்பீட்டரில் வழி உள்ளதா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். உள்ளே வந்த பழைய டோனைப் பேனல் நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்கிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். இரண்டும் சேர்ந்து போனால் கருவிகள் குழம்பும்.

8. பயன்பாட்டுக் கணக்கு: எந்தக் குழு எவ்வளவு நேரம் பேசியது என்று பேனலே கணக்கு வைத்தால், பராமரிப்புச் செலவைப் பிரிப்பதில் சண்டை வராது. சந்தா கட்டாத குழுவின் டோனை நிறுத்தும் வசதியும் பல பேனல்களில் உண்டு. அதைச் சாதாரண நாளில் பயன்படுத்துங்கள். அவசர டோனை மட்டும் யாருக்கும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள்.

எந்த டோன் யாருக்கு?

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பவர் சப்ளை சரியில்லாதபோது ஏற்படும் இரைச்சல் 50, 100, 150, 200 என்று அதன் மடங்குகளில் வரும். எனவே, 100.0, 151.4 ஆகிய டோன்களையும் 203.5, 250.3 ஆகியவற்றையும் நம் ஊரில் தவிர்ப்பது நல்லது. மின்சார நாடு 60 ஹெர்ட்ஸாக உள்ள அமெரிக்காவில் எழுதப்பட்ட கையேடுகளில் தவிர்க்க வேண்டிய எண்கள் வேறாக இருக்கும். அதை அப்படியே பின்பற்றாதீர்கள்.

67 ஹெர்ட்ஸ் போன்ற மிகக் குறைந்த டோனை அடையாளம் காணக் கருவிக்குச் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். முதல் சொல் விழுங்கப்படும். 200-க்கு மேற்பட்ட டோன்கள் சில கருவிகளில் ‘ம்ம்’ என்று காதுக்குக் கேட்கும். ஆகவே, நடுவில் உள்ளவற்றை, ஒன்றுக்கொன்று நெருங்காமல் எடுங்கள். உதாரணத்துக்கு ஒரு பங்கீடு:

- பாசன, வடிகால் குழு: 88.5
- டிராக்டர், அறுவடை இயந்திரக் குழு: 110.9
- மீனவர், இறால் பண்ணைக் குழு: 127.3
- ஊராட்சி மீட்புக் குழு: 167.9
- பொது அவசரம்: 179.9

எந்த டோனாக இருந்தாலும், பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துப் பேசும் பழக்கம் வேண்டும். இல்லையென்றால் “வராதீர்கள்” என்பதில் முதல் எழுத்துகள் போய்விடும். பாதிச் செய்தி, செய்தி இல்லாததைவிட ஆபத்து.

அவசர சேனலை அமைப்பது எப்படி?

எல்லாக் கருவிகளிலும் திருகின் கடைசி நிலையை அவசர சேனலாக வைத்துவிடுங்கள். இருட்டில்கூட, திருகை முடியும் வரை திருப்பினால் அங்கே வந்து நிற்கும். அந்தச் சேனலில் பேசும்போது பொது டோன் போகட்டும். கேட்கும் பக்கத்தில் டோனே வைக்காதீர்கள். அப்போது அந்தக் கருவி எந்தக் குழு பேசினாலும் கேட்கும். பேனல் பழுதாகி, மாற்றுவழிச் சுவிட்சில் ரிப்பீட்டர் ஓடினாலும் கேட்கும்.

வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், அந்த நிமிடத்திலிருந்து எல்லோரும் கடைசி நிலைக்கு வந்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண நாட்களிலும், குழுவுக்கு ஒரு கருவியாவது எப்போதும் அந்தச் சேனலில் திறந்த காதோடு இருக்கட்டும். நான் பார்த்த திண்ணையில் அப்படி ஒரு கருவி இருந்திருந்தால், சைக்கிள்காரர் வந்திருக்க வேண்டியதில்லை.

பேட்டரிக் கணக்கு

கேட்டுக்கொண்டிருக்கும்போது அரை ஆம்பியரும், பேசும்போது 8 ஆம்பியரும் எடுக்கும் ரிப்பீட்டர் ஒன்று இருக்கிறது என்று கொள்வோம். நாளில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பேச்சு ஓடினால், ஒரு நாளைக்குச் சுமார் 48 ஆம்பியர்-மணி. மூன்று நாளுக்கு 144. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் சுமார் 300 ஆம்பியர்-மணி வேண்டும். புயல் மேகத்தில் சோலார் தகடு கைகொடுக்காது என்றே கணக்குப் போடுங்கள். வெயில் வந்தால் லாபம். உங்கள் ரிப்பீட்டரின் உண்மையான மின் தேவையைக் கையேட்டில் பார்த்து இதே முறையில் கணக்கிடலாம்.

கடற்கரை உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும். மழைக்காலத்துக்கு முன் புரட்டாசியிலேயே எல்லா இணைப்புகளையும் பிரித்துத் துடைத்து, இடிதாங்கியையும் நிலத்தொடர்பையும் சோதியுங்கள். பேனல், ரிசீவருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் இருப்பதால் மின்னல் அதிர்வு இரண்டு பக்கத்திலிருந்தும் அதைத் தாக்கலாம்.

உரிமம் இல்லாமல் தொடாதீர்கள்

446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்திக் கையடக்கக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. வயலுக்கு வயல் பேச அது போதும். ஆனால், ரிப்பீட்டர் வைத்துப் பயன்படுத்த மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவில் அலைவரிசை ஒதுக்கீடும் உரிமமும் பெற வேண்டும். ‘சரல் சஞ்சார்’ இணையதளம் வழியே விண்ணப்பிக்கலாம். ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. தூரம், அலைவரிசை அகலம், கருவிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும்.

இங்கே முக்கியமான ஒன்று: சொந்தப் பயன்பாட்டு உரிமம், உரிமம் பெற்றவரின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. வெளியாருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை தர வேறு வகை உரிமம் வேண்டும். எனவே, நான்கு தனித்தனி அமைப்புகள் சேர்ந்து வாங்குவதாக இருந்தால், யார் பெயரில் உரிமம், மற்றவர்கள் அதற்குள் எப்படி வருவார்கள் என்பதை எழுத்து மூலம் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே முன்பணம் கொடுங்கள். இணைய விற்பனைத் தளங்களில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி-டாக்கிகளின் அலைவரிசை, உரிமத் தேவை பற்றிய விவரம் சொல்லாமல் விற்றதற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் நடவடிக்கை எடுத்ததை நினைவில் வையுங்கள்.

வாங்கும் நாளில் ஆறு சோதனைகள்

பணம் முழுவதும் கொடுப்பதற்கு முன், உங்கள் ஊரிலேயே இந்தச் சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள்.

- ஒவ்வொரு குழுவும் பேசி, அந்தக் குழுவுக்கு மட்டும் கேட்கிறதா என்று பாருங்கள்.
- பட்டியலில் இல்லாத டோனில் பேசினால் ரிப்பீட்டர் திறக்காமல் இருக்க வேண்டும்.
- உங்கள் எல்லையின் கடைசி ஊரிலிருந்து, வீட்டுக்குள் நின்று பேசிப் பாருங்கள். குரல் கரகரத்தாலும் டோனை அடையாளம் கண்டு திறக்கிறதா?
- மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுங்கள். தானாக இயங்குகிறதா?
- பேனலை அணைத்து, மாற்றுவழிச் சுவிட்சைப் போடுங்கள். அவசர சேனலில் பேச்சு கேட்கிறதா?
- எல்லோரும் தத்தம் குழு சேனலில் இருக்கும்போது ஒருவர் அவசர அழைப்பு விடுக்கட்டும். எத்தனை ஊருக்குக் கேட்டது என்று எண்ணுங்கள்.

கடைசிச் சோதனையில் ஒரு ஊர் விடுபட்டாலும் ஏற்பாடு முடியவில்லை என்றே பொருள். இதை ஐப்பசி பிறப்பதற்கு முன் ஆண்டுதோறும் ஒத்திகையாகவும் செய்யலாம். வேளாண் விரிவாக்க அலுவலர்கள், அந்த ஒத்திகைக்குக் கிராம நிர்வாக அலுவலரையும் ஊராட்சித் தலைவரையும் அழைத்து வந்தால், வெள்ள நாளில் யார் குரல் யாருடையது என்று தெரிந்திருக்கும். நம் வயர்லெஸில் கிடைத்த செய்தியை மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு (1077) அல்லது மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு (1070) யார் சேர்ப்பது என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். தொலைபேசி இயங்கும் ஊர் எது என்று தேடிச் சொல்வதற்கும் இதே வயர்லெஸ்தான் உதவும்.

வேறு வேறு வேலை செய்யும் குழுக்கள் ஒரே கோபுரத்தைப் பகிர்வது சிக்கனம். ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தொந்தரவாக இல்லாமல் பிரித்து வைப்பது வசதி. ஆனால், தண்ணீர் வரும்போது அது எந்தக் குழுவின் வயல் என்று பார்த்து வருவதில்லை. அன்றைக்கு எல்லோர் காதும் திறந்திருக்க வேண்டும். வாங்கப் போகும் பேனலிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

- கட்டுரையாளர், உழவியலில் முனைவர் பட்டம் பெற்ற வேளாண் விஞ்ஞானி.